மூன்று மணித்தியாலம் ஓடினால் கரண்ட் கூடுமா?

2009 இல் பட்ட எறிகணைச் சிதறல் ஒன்று இன்னும் அம்மாவின் வலது தோளுக்குள் இருக்கிறது. இடக்கையால் வாளி தூக்குவார். ஆனால் நனைந்த படுக்கை விரிப்பைப் பிழிய அவரால் முடியாது. அதனால்தான் ஜேர்மனியில் இருக்கும் அண்ணா காசு அனுப்பி, யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில் சலவை இயந்திரம் வாங்கித் தந்தார். முன்பக்கம் கதவு வைத்த, தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வகை.

இரண்டு மாதமாக அது துணி போர்த்தியபடியே நின்றது. அம்மா கிணற்றடியில்தான் தோய்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"எக்கோ எண்டு திருப்பினா மூண்டு மணித்தியாலத்துக்கு மேல காட்டுது தம்பி. அவ்வளவு நேரம் ஓடினா பில்லை ஆர் கட்டுறது?"

அம்மாவின் பயம் நியாயமானது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் ஏறியதன் பிறகு எங்கள் வீடுகளில் மின்குமிழை அணைக்கச் சொல்லாத நாளில்லை. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கணக்கு. தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கணக்கு. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து அம்மாவோடு இருந்து கணக்குப் பார்த்தேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

சலவை இயந்திரத்தில் கரண்டை விழுங்குவது மோட்டர் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றர். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோயூல் வேண்டும். ஒரு அலகு மின்சாரம் என்பது 3,600 கிலோயூல். ஒரு தடவை தோய்க்கும்போது 15 லீற்றர் தண்ணீர் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகை அளவில் இருக்கிறது. அதை 60 பாகைக்கு ஏற்ற 0.56 அலகு வேண்டும். 40 பாகைக்கு ஏற்ற 0.21 அலகு போதும். துணியும் உருளையும் சூடாவதைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் கொஞ்சம் கூடும்.

2,000 வாட் ஹீற்றர் அந்த 0.56 அலகை 17 நிமிடத்தில் முடித்துவிடும். உருளையைச் சுற்றும் மோட்டரோ விட்டு விட்டுத்தான் ஓடும். அது சராசரியாக ஒரு மின்விசிறி அளவு, 70 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும், மூன்று மணித்தியாலத்துக்கு 0.21 அலகுதான். அதாவது 17 நிமிடச் சூடு, மூன்று மணித்தியாலச் சுழற்சியை விட இரண்டரை மடங்குக்கும் மேல் செலவு.

பிறகு ஏன் எக்கோவில் அவ்வளவு நேரம்? ஜேர்மனியில் ஹென்கல் நிறுவனத்தில் வேலை செய்த வேதியியலாளர் ஹேர்பேர்ட் ஸின்னர் 1959 இல் இதை ஒரு வட்டமாக விளக்கினார். அழுக்குப் போக நாலு விடயம் வேண்டும்: சவர்க்காரம், அலசல், சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். எக்கோ சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. கிணற்றடியில் அம்மா செய்வதும் இதுதான். உடுப்பை இரவே சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு விடியத் தோய்ப்பார். சூட்டின் வேலையை நேரம் செய்கிறது.

"40-60" என்ற இலக்கமும் பலரைக் குழப்புகிறது. தண்ணீர் 60 பாகைக்குப் போகும் என்பதல்ல அதன் பொருள். 40 அல்லது 60 பாகையில் தோய்க்கலாம் என்று பட்டியில் குறித்த பருத்தி உடுப்புகளை ஒன்றாகப் போடலாம் என்பதே. உள்ளே சூடு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இயந்திரங்களின் சக்தித் தரம் இந்தச் சுற்றை வைத்தே கணிக்கப்படுகிறது.

ஆனால் அது குளிர்நாட்டுக் கணக்கு. அண்ணா வீட்டுக் குழாயில் 15 பாகையில் வரும் தண்ணீரை 28 பாகைக்குக் கொண்டுவரவே அவருக்குக் காசு போகும். எங்களுக்கு அந்தச் சூட்டை வெயில் சும்மா தந்திருக்கிறது. ஆகவே எங்கள் ஊரில் எக்கோவை விடவும் மலிவான சுற்று ஒன்று உண்டு: சூடாக்காத, 'கோல்ட்' அல்லது 20 பாகை என்று போட்டிருக்கும் சுற்று. இன்றைய சலவைத் தூள்களில் உள்ள நொதியங்கள் இந்தச் சூட்டிலேயே வேலை செய்யும். இரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் நல்லது. சூடு அதைத் துணியில் பிடிக்க வைத்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறை இதுதான். அன்றாட உடுப்புக்குச் சூடில்லாத சுற்று. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, துவாய், விரிப்புக்கு எக்கோ. நோயாளியின் துணிக்கும் குழந்தையின் அணையாடைக்கும் 60 பாகை. அங்கே மிச்சம் பிடிக்கக்கூடாது. எப்போதும் குளிர்ந்த தண்ணீரிலேயே ஓடினால் உள்ளே பாசி போலப் படிந்து மணக்கும். அதற்காகவும் இடைக்கிடை 60 பாகையில் ஓடவிட வேண்டும். உருளை நிறையும் வரை உடுப்பைச் சேர்த்துவைத்துப் போடுவது நல்லது. அரைவாசி போட்டாலும் செலவு அரைவாசியாகக் குறையாது.

குடாநாட்டுக்காரருக்கு இன்னொரு நன்மை. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. தண்ணீர் சூடாகும்போது அந்தச் சுண்ணாம்பு ஹீற்றரில் படியும். சூடு கூடக் கூடப் படிவும் கூடும். குறைந்த சூட்டில் தோய்த்தால் ஹீற்றரும் கனகாலம் நிற்கும்.

மாதம் எட்டுத் தடவை 60 பாகையில் தோய்த்தால் சூட்டுக்கு மட்டும் நாலரை அலகு. சூடாக்காமல் தோய்த்தால் அது அப்படியே மிச்சம். 60 அலகு எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்த நாலரை பெரிய விடயம்.

அம்மா கொப்பியை ஒருதரம் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் சும்மாதான் தோளை நோகடிச்சனானோ?" என்றார். அடுத்த நாள் காலை, போர்த்தியிருந்த துணியையே முதலில் எடுத்து உள்ளே போட்டார்.