முயலுக்கும் முட்டி வலிக்கும்

ஐந்து வயதைத் தாண்டிய முயலைப் பற்றி, "இப்பல்லாம் ரொம்பச் சாதுவாயிருச்சு" என்று வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது. முன்பு சோபா மேல் தாவியது, ஒயரைக் கடித்தது, பிடிக்கப் போனால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. இப்போது விட்ட இடத்திலேயே இருக்கிறது. தூக்கி மடியில் வைத்தாலும் திமிறுவதில்லை. குணம் மாறிவிட்டது என்று வீடு நினைக்கிறது. பல நேரம் மாறியிருப்பது குணம் அல்ல, மூட்டு.

ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளுக்காக வாங்கி வந்த குட்டிகள் பிழைத்திருந்தால் இப்போது அந்த வயதைத் தொட்டிருக்கும். நல்ல பராமரிப்பில் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். ஆகவே பாதி ஆயுளில் இருக்கும் ஒரு பிராணியைத்தான் நாம் கிழடு என்று ஒதுக்கிவைக்கிறோம்.

திருவரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டிய ஒரு வீட்டில் வளரும் வெள்ளை முயலுக்கு வாலைச் சுற்றி எப்போதும் அழுக்கு. பேத்தி இரண்டு நாளுக்கு ஒரு தரம் குழாயடியில் கழுவிவிடுகிறாள். "பாவம், அதுக்கும் வயசாச்சோல்லியோ, எனக்கே உக்காந்தா எழுந்துக்க முடியலை" என்கிறார் பாட்டி. அவர் தன்னையும் முயலையும் ஒரே வரியில் வைத்துப் பேசியதில்தான் விஷயமே இருக்கிறது. பாட்டியின் முட்டிக்குத் தைலம் உண்டு, மாத்திரை உண்டு, மலைக்கோட்டைப் படியேற வேண்டாம் என்று சொல்ல மகன் உண்டு. முயலுக்குக் கிடைத்தது குழாயடி மட்டும்.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? கூண்டில் நாம் கூட்டித் தள்ளும் உருண்டைப் புழுக்கை தவிர, முயல் இன்னொரு வகையும் போடும். மெத்தென்று, பளபளப்பாக, கொத்துக் கொத்தாக வரும் அதைக் கீழே விழவிடாமல் முயல் குனிந்து வாயால் எடுத்துத் தின்றுவிடும். குடலில் நொதித்து உருவான சத்து அதில் இருக்கிறது. முதுகெலும்போ இடுப்போ வலிக்கும் முயலால் அப்படி வளைய முடியாது. சத்து மயிரில் ஒட்டிக் காய்கிறது. உட்கார்ந்த நிலையிலேயே விழும் சிறுநீர் தொடையை வேகவைக்கிறது. அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். சுத்தமில்லாத முயல் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாத முயல் அது. குளிப்பாட்டுவது இன்னும் கெடுதல்: ஈரமான அடர்மயிர் லேசில் காயாது, பயந்து துள்ளும்போது முதுகெலும்பே முறியலாம். உடல் எடையில் ஏழெட்டுச் சதவீதம்தான் முயலின் எலும்புக்கூடு. பின்னங்கால் தசையின் பலத்துக்கு அந்த எலும்பு ஈடுகொடுக்காது.

வேறு அடையாளங்களும் இதே மாதிரி மறைமுகமானவைதான். பின்னங்காலால் காதைச் சொறிய முடியாததால் ஒரு பக்கக் காதில் மட்டும் அழுக்கு திரண்டிருக்கும். முதுகின் பின்பாதியில் பொடுகும் சிக்கும் சேரும். நகம் தேயாமல் நீண்டு வளையும். மூத்திரத் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் தட்டுக்கு வெளியே போகும். வீட்டில் திட்டு வாங்கும். இரண்டு காலில் எழுந்து நின்று கொத்தமல்லி கேட்கும் பழக்கம் நின்றுவிடும். நாய் நொண்டுகிற மாதிரி முயல் நொண்டாது. தாவுவதற்குப் பதில் நகரும், அவ்வளவுதான். வேட்டையாடப்படும் இனம் என்பதால் வலியை வெளியே காட்டாமல் இருப்பதே அதன் தற்காப்பு. முகத்தில் மட்டும் கொஞ்சம் தப்பிவிடும். 2012-இல் ஆய்வாளர்கள் முயலின் முகத்தை வைத்து வலியை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கண் இடுங்குவது, கன்னம் ஒட்டுவது, மூக்குத் துவாரத்தின் வடிவம், மீசை விறைப்பது, காதின் நிலை என ஐந்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது அது. உடனடி வலிக்கு என்று செய்யப்பட்ட அளவுகோல்தான். ஆனாலும் தினமும் பார்த்துப் பழகிய முகத்தில் இந்த ஐந்தையும் கவனிக்கத் தெரிந்த வீட்டுக்கு அது பெரிய உதவி.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

மூட்டு தேய வயது ஒரு காரணம், எடை ஒரு காரணம், இனம் ஒரு காரணம். நம் கடைகளில் விற்கும் குட்டிகளில் பல, நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்களின் கலப்பு. உள்ளங்கையில் அடங்கும்போது வாங்குகிறோம். நாலு கிலோவுக்கு வளர்கிறது. சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட உடம்பு பத்து வருஷம் நடமாடுவதற்கென்று உருவானதல்ல. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் நான் முதலில் குற்றம் சொல்வது தரையைத்தான்.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தை உண்டு. முயலுக்கு அது கிடையாது, மயிர் மட்டும்தான். மண்ணிலும் புல்லிலும் நகம் ஊன்றி உந்துவதற்கு ஆன கால் அது. அந்தக் காலை நாம் இரண்டு இடங்களில் வைக்கிறோம். ஒன்று கம்பி வலைக் கூண்டு. உடம்பின் எடை முழுவதும் கம்பிக் கோடுகளில் இறங்கி, குதிகால் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். புண் ஆழமானால் சீழ் எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். இன்னொன்று டைல்ஸ், கிரானைட். அதில் நகம் பிடிக்காது. ஒவ்வொரு தாவலிலும் பின்னங்கால் பக்கவாட்டில் விரிகிறது. விரிந்ததை இழுத்துச் சேர்க்க இடுப்பும் முட்டியும் பாடுபடுகின்றன. கொஞ்ச நாளில் முயல் தாவுவதை விட்டுவிடும். தாவாவிட்டால் தசை வற்றும், எடை ஏறும், மூட்டு இறுகும். திருவானைக்காவல் பக்கம் எழும்பும் அடுக்குமாடி வீடுகளானாலும் சரி, அரங்கத்து வீதிகளில் இடித்துக் கட்டிய பழைய வீடுகளானாலும் சரி, கூடத்திலிருந்து பால்கனி வரை ஒரே வழவழப்பு. அங்கே முயல் கால் ஊன்ற ஒரு சாண் இடம் இல்லை.

கம்பித் தரையில் புழுக்கை கீழே விழுந்துவிடும், குடல் ஒட்டுண்ணித் தொற்று குறையும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். சில மாதமே வளர்த்து விற்கும் முயலுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம், பத்து வருஷம் வாழ வேண்டிய வீட்டு முயலுக்குப் பொருந்தாது. எடையைக் குறைப்பதே முதல் வைத்தியம் என்று சொல்லும் கால்நடை மருத்துவர்களும் உண்டு. அதுவும் செய்ய வேண்டியதே, ஆனால் தாவ முடியாத தரையில் அது மட்டும் போதாது.

தரைக்கும் காலுக்கும் உள்ள சம்பந்தம் நம் ஊருக்குப் புதிதா என்ன? அரங்கத்து ஆண்டாள், தாயுமானவர் கோயில் லட்சுமி, ஆனைக்கா அகிலா என்று யானைகளைப் பெயர் சொல்லிக் கொஞ்சும் ஊர் இது. கல்தளத்தில் நெடுநேரம் நிற்கும் யானைக்குப் பாதமும் மூட்டும் கெடும், அதற்கு மண்ணில் நடை வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2003-இல் முதுமலையில் தொடங்கி, பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நடந்த புத்துணர்வு முகாம்களில் யானைகள் தினமும் மண்பாதையில் நடந்ததை நாம் ஆசையாகப் பார்த்தோம். நாலு டன் உடம்புக்குப் புரிந்த நியாயம் நாலு கிலோ உடம்புக்கும் பொருந்தும். முயல் வீட்டுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

மாற்று வழிக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. காவிரியின் வடகரையில், கோரைப்பாய் பின்னும் முசிறி இருக்கிறது. சாயம் போடாத, பருத்தி நூலில் பின்னிய கோரைப்பாய் முயலுக்கு அருமையான தரை: நகம் பிடிக்கும், கடித்தாலும் கெடுதலில்லை. பிளாஸ்டிக் இழை கலந்த பாய் வேண்டாம். கடித்து விழுங்கினால் குடலை அடைக்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. முயல் படுக்கும் மூலையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், புல், மூத்திரத் தட்டு வரை இடைவெளி விடாமல் பாய் ஓட வேண்டும். நடுவில் ஒரு முழம் டைல்ஸ் விட்டாலும் வலியுள்ள முயல் அதைக் கடக்காமல் பட்டினி கிடக்கும். படுக்கும் இடத்தில் பாய்க்கு மேல் கனமாக வைக்கோல் போடலாம். தினமும் மாற்றியாக வேண்டும். தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்திவிடுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும்போது முயல் தானாகப் போய் வெறுந்தரையில் நீட்டிப் படுக்கும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூடு வெளியேற வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். அந்த நாட்களில் தரை முழுக்கப் பாய் விரித்தால் குளிர்ச்சியைப் பறித்தவர்களாவோம். ஆகவே நடக்கும் வழியில் பாய், படுக்க ஒரு ஓரத்தில் மட்டும் வெறுந்தரை. பக்கத்தில் துணி சுற்றிய உறைந்த தண்ணீர் பாட்டில். மார்கழி விடியலில் அந்த ஓரத்தையும் மூடிவிட வேண்டும். குளிரில் இறுகும் மூட்டைப் பற்றிப் பாட்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மருந்தும் பாறுக் கழுகும்

தரையை மாற்றினால் வலி குறையும். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. மருந்து வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயும் வேண்டும். பின்னங்கால் தளர்வதற்கு மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியும் காரணமாகலாம். பழைய முறிவும் காரணமாகலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முயல் மூட்டு வலிக்கு உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் எழுதுவது மெலாக்சிகாம். இந்தப் பெயர் நம் நாட்டில் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் இருக்க வேண்டியது. மாட்டுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து அந்த இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டபோது, கழுகுக்குக் கேடில்லாத மாற்றாக நிரூபணமானது மெலாக்சிகாம்தான். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளின் உயிரும் இந்தத் தடையை நம்பித்தான் இருக்கிறது. அதே மருந்துதான் திருவரங்கத்துக் கூடத்தில் ஒரு முயலின் இடுப்பு வலியையும் தணிக்கிறது.

அளவில்தான் ஆபத்து. முயலின் உடம்பு இந்த மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். நாய்க்கு எழுதும் அளவைவிட, எடைக்கு எடை பல மடங்கு தேவைப்படும். நாய்க் கணக்கில் கொடுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்துவது வீண். சிறுநீரகம் பழுதாயிருந்தால் அதே மருந்து கெடுக்கும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம். ஆகவே முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும் வழியில் முயல் பட்டினி கிடக்கக் கூடாது. கூடையில் புல் இருக்க வேண்டும். வலியில் தின்பதை நிறுத்தி, 12 மணி நேரம் புழுக்கையே போடாத முயலுக்கு மூட்டைப் பற்றி யோசிக்க நேரமில்லை. குடல் நின்றுவிட்டது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பெரிய பயம். புண்ணுக்கு என்று வாய்வழி அமாக்சிசிலின் கொடுப்பது அதைவிட மோசம். குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் செத்தே போகும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். வீட்டில் நாயும் முயலும் சேர்ந்து வளர்ந்தால் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

தீனி விஷயம் சுருக்கமானது. பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் நிறுத்துங்கள். அருகம்புல்லும் கோ-4 புல்லும் வயிறு நிறையக் கிடைக்கட்டும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போதும். எடை மெள்ள இறங்க வேண்டும். திடீர்ப் பட்டினி முயலின் ஈரலைக் கெடுத்துவிடும்.

மருத்துவமனை மேசையில் முயல் பயத்தில் உறைந்துவிடும். எந்த வலியும் அங்கே தெரியாது. நல்ல மருத்துவரும் அங்கே ஏமாறலாம். அதனால் போவதற்கு முன்பே வீட்டில் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். முயல் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் நன்றாக நடமாடும். அப்போது போனைத் தரையோடு தரையாக வைத்து, பாயில் நடப்பதை ஒரு நிமிடம், டைல்ஸில் நடப்பதை ஒரு நிமிடம், மூத்திரத் தட்டில் ஏறுவதை ஒரு தடவை எடுங்கள். குதிகாலின் அடிப்பக்கத்தையும் ஒரு படம். மருந்து தொடங்கி இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி எடுத்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.