சேற்றில் கரையும் குதிரைத்திறன்

சேர்வராயன் மலையில் பிறந்து தென்பெண்ணையை நோக்கி ஓடும் வாணியாற்றின் பாசனத்தில் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து நஞ்சைகள் இருக்கின்றன. கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அங்கே டயர் வண்டி இறங்காது. ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டிதான் வேண்டும். டயர் பொருத்திய அறுவடை இயந்திரத்தைவிட இதற்கு மணி வாடகை அதிகம். தார்ச்சாலையில் ஓட்டினால் ரப்பர் தேய்ந்துவிடும் என்பதால் ஊர்விட்டு ஊர் போக லாரியிலும் ஏற்ற வேண்டும். இவ்வளவு செலவு செய்து வயலில் இறக்கிய வண்டியும் சில சமயம் நின்ற இடத்திலேயே பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு புதைகிறது. இதைத் திருத்த என்ன செய்யலாம் என்று கேட்டால் பெரிய இன்ஜின், பெல்ட்டில் உயரமான பல், கூடுதல் எடை என்ற மூன்றும்தான் முதலில் தோன்றும். இயந்திரத்திலிருந்து தரையை நோக்கி யோசிப்பதால் வரும் விடைகள் இவை. தரையிலிருந்து இயந்திரத்தை நோக்கி யோசித்தால் மூன்றுமே பெரும்பாலும் தவறாகிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பெல்ட் என்றதும் பீரங்கி வண்டி நினைவுக்கு வரும். ஆனால் பீரங்கி வண்டிக்கு முன்பே பெல்ட் உழவு நிலத்தில் ஓடியது. கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் ஆற்றுப் படுகையில், மட்கிய தழை நிறைந்த மெத்து மண்ணில் நீராவி டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. சக்கரத்தை அகலப்படுத்திப் பார்த்துச் சலித்த பெஞ்சமின் ஹோல்ட், 1904 நவம்பரில் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரப்பலகை கோத்த சங்கிலிப் பட்டையை மாட்டி ஓட்டினார். ரஷ்யப் பேரரசரின் கார்களைப் பராமரித்த அடோல்ஃப் கெக்ரெஸ், அதே உத்தியை ரப்பர் பட்டையாக்கிப் பனியில் ஓட வைத்தார். கனடாவின் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-இல் கொண்டுவந்த ஸ்கி-டூ, பனி வண்டியை வீட்டு வண்டியாக்கியது. அந்த வரிசையில் கடைசியாக வந்தது பனி பைக். சாதாரண 450 சிசி மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையும் கழற்றி, முன்னால் ஒரு சறுக்குப் பலகையும் பின்னால் ஒரு பெல்ட் தொகுதியும் மாட்டுகிறார்கள். நம் ஊரில் சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் (கூண்டுச் சக்கரம்) மாட்டுவதும் இதே குடும்பத்து வேலைதான். இருக்கிற இன்ஜினை வைத்துக்கொண்டு, தரையைத் தொடும் உறுப்பை மட்டும் மாற்றுகிறோம்.

தரை ஒரு வண்டிக்கு எவ்வளவு பிடி கொடுக்கும் என்பதற்கான கணக்கு 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோமிடம் தொடங்குகிறது. மண் இரண்டு வழிகளில் எதிர்த்து நிற்கிறது. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை. இதில் கிடைக்கும் பிடி, பெல்ட் தொடும் பரப்பைப் பொறுத்தது. மற்றொன்று, துகள்களுக்கு இடையிலான உராய்வு. இதில் கிடைக்கும் பிடி, மேலே அழுத்தும் எடையைப் பொறுத்தது. காய்ந்த மணலில் உராய்வே எல்லாம், அங்கே எடை கூட்டினால் பிடி கூடும். நீர் ஊறிய களியிலோ உராய்வு ஏறக்குறைய இல்லாமல் போகிறது, பசைத்தன்மை மட்டுமே மிஞ்சுகிறது. அங்கே எடை கூட்டினால் பிடி கூடாது. புதைவு மட்டும் கூடும். புதைந்த வண்டி ஒவ்வோர் அடிக்கும் முன்னாலுள்ள சேற்றைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருப்பதால் தடையும் ஏறுகிறது. பெரிய இன்ஜினுக்கும் இதே கதிதான். தரை கொடுக்கும் பிடிக்கு மேல் வரும் விசை முழுவதும் பெல்ட்டை வெறுமனே சுற்றத்தான் செலவாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 டன் வண்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெல்ட், ஒவ்வொன்றும் 50 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் 160 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பரப்பு 16,000 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ. மீது விழும் சுமை சுமார் 190 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் கீழ் இதைவிட அதிக அழுத்தம் விழும். அப்படியிருந்தும் ஆள் நடக்கிற வயலில் வண்டி ஏன் புதைகிறது? 190 கிராம் என்பது சராசரி என்பதால்தான். பெல்ட் வளையக்கூடியது, சுமையை உண்மையில் இறக்குவது அதன் உள்பக்கம் உருளும் ரோலர்கள். ஒவ்வொரு ரோலரின் நேர்க்கீழே அழுத்தம் சராசரியைப் போலப் பல மடங்கு ஏறி, இரண்டு ரோலர்களுக்கு நடுவே இறங்கிவிடுகிறது. ஆகவே பெல்ட்டை அகலப்படுத்துவதோடு வேலை முடியவில்லை. ரோலர்களைக் கூடுதலாக, நெருக்கமாக வைப்பதும், தேய்ந்து சமனிழந்த ரோலரை உடனே மாற்றுவதும், பெல்ட் இழுவிசையை அளவோடு வைப்பதும் அதே அளவு பயன் தரும். தொளதொளவென்று விட்டால் பெல்ட் கழன்று போகும்; முறுக்கி இறுக்கினால் தாங்கியும் ரப்பரும் இன்ஜின் சக்தியைத் தின்னும்.

எடை எங்கே விழுகிறது என்பது இன்னும் முக்கியம். பனி பைக் ஓட்டுகிறவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இதில்தான். பின்பக்கம் எடை சாய்ந்தால் பெல்ட்டின் வால் பள்ளம் தோண்டி வண்டி தன் குழியிலேயே இறங்கிவிடும் என்பதால், அதிர்வுதாங்கியையும் பெல்ட் தொகுதியின் சாய்வைக் கட்டுப்படுத்தும் வாரையும் திருத்தி, பட்டை முழு நீளத்துக்கும் படியும்படி செய்கிறார்கள். அறுவடை வண்டியிலும் தானியத் தொட்டி நிரம்ப நிரம்ப மொத்த எடையும் கூடும், அது விழும் இடமும் நகரும். ஈரமான பகுதிக்குள் போவதற்கு முன் தொட்டியைப் பாதியிலேயே காலி செய்துகொள்வது, ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம்.

பனியில் பலித்த எல்லாமே சேற்றில் பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆழமான பொடிப்பனிக்கு இரண்டரை அங்குல உயரப் பல் வைத்த பெல்ட் அருமையாக ஓடும். அதே உயரத்தில், அதே நெருக்கத்தில் களிமண்ணில் வைத்தால் பல்லிடுக்கில் சேறு அடைத்துக்கொண்டு, பெல்ட் வழவழப்பான உருளையாகிவிடும். இங்கே பல்லின் உயரத்தைவிட, சேற்றை உதறிவிடும் இடைவெளிதான் பிடியைக் காக்கும். பனி வண்டியின் பெல்ட் பிளாஸ்டிக் தண்டவாளத்தின் மேல் வழுக்கி ஓடுகிறது. உருகும் பனியே அதற்கு மசகும் குளிரூட்டியும். சேற்றிலுள்ள மணலோ அரத்தைப் போல அராவும். அதனால் வயல் வண்டிக்கு மூடிய தாங்கியுள்ள ரோலர்தான் தேவை, அதன் எண்ணெய் அடைப்பான் பழுதாகாமல் பார்ப்பதுதான் பராமரிப்பு. பனியில் இன்ஜின் சூடு தங்குவதற்கு ரேடியேட்டரை மூடுகிறார்கள். இங்கே வைக்கோல் தூசி அடைக்காமல் ரேடியேட்டரைத் திறந்து வைக்கப் பாடுபடுகிறோம்.

நெல் வயலுக்கு அடியில் இறுகிய மண் அடுக்கான கடினத் தட்டு இருப்பது நல்லதுதானே, அதுதானே தண்ணீரை நிறுத்துகிறது, வண்டியையும் தாங்குகிறது, பிறகு எடையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று ஒருவர் மறுக்கலாம். நெல்லுக்குப் பின் நெல்லே போடும் ஊருக்கு அது சரியான வாதம். பாப்பிரெட்டிப்பட்டி அப்படிப்பட்ட ஊர் அல்ல. மஞ்சள், கரும்பு, மரவள்ளி, நெல் என்று பயிர் மாறும் வட்டாரம். மஞ்சள் கிழங்குக்கும் கரும்பு வேருக்கும் தட்டு இறுகினால் கேடு. மேல்மண்ணின் நசிவை ஒரு சதுர செ.மீ. மீது விழும் அழுத்தம் தீர்மானிக்கிறது, ஆழத்து நசிவைப் பெரும்பாலும் மொத்த எடைதான் தீர்மானிக்கிறது. அகலமான பெல்ட் முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதை முழுமையாகத் தடுக்காது. இறுகிய தட்டை உடைக்க உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் உழ வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த உழவுக்கும் டீசல் உழவர் பணத்தில்தான் எரிகிறது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் கருவி கிராமத்துப் பட்டறையில் ஏது என்பது அடுத்த மறுப்பு. அளக்க வேண்டியது வழுக்கல் ஒன்றை மட்டும்தான்; அதற்குச் சுண்ணாம்புக் கட்டியும் டேப்பும் போதும். பெல்ட்டில் ஓர் அடையாளம் போட்டு, கெட்டித் தரையில் கதிர் அறுக்காமல் ஐந்து முழுச் சுற்று ஓட்டித் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு ஈர வயலில் அறுத்தபடி அதே ஐந்து சுற்று. முதலில் 20 மீட்டரும் பிறகு 17 மீட்டரும் வந்தால் வழுக்கல் 15 சதவீதம். டயருக்கு 10 முதல் 15 வரை ஏற்கத்தக்கது. பெல்ட் அதைவிடக் குறைவாக வழுக்கும்போதுதான் நன்றாக உழைக்கிறது. பல், ரோலர், இழுவிசை, எடைச் சமநிலை எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் இந்த ஓர் எண்ணை எடுத்துப் பார்த்தால் மாற்றம் உதவியதா என்று தெரிந்துவிடும். வாடகை மணிக்கணக்கில் இருப்பதால் 15 சதவீத வழுக்கலில் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 9 நிமிடக் காசை நகராத தூரத்துக்கு உழவர் கொடுக்கிறார். வண்டியை வாடகைக்கு விடுவது வேளாண்மைப் பொறியியல் துறையானாலும் தனியாரானாலும், குதிரைத்திறனைச் சொல்லும் இடத்தில் ஈர வயலில் அளந்த வழுக்கல் அளவையும் எழுதிக் கொடுக்கும்படி கேட்க உழவருக்கு உரிமை உண்டு.