இன்ஜின் அறைக்கு ஒரு சபை

லண்டன் மாநகரின் கிழக்குப் புறத்தில், 1855-இல் திறக்கப்பட்ட ராயல் விக்டோரியா துறைக்கும் 1880-இல் திறக்கப்பட்ட ராயல் ஆல்பர்ட் துறைக்கும் அதிகத் தூரமில்லாத இடத்தில், ஸ்ட்ராட்ஃபோர்டு என்றொரு பகுதி இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த இடம் என்று இன்றைய உலகம் அதை அறியும். அந்த ஆரவாரத்துக்கெல்லாம் வெகு காலம் முன்னே, 1889-இல், நீராவிக் கப்பல்களில் உத்தியோகம் பார்த்த பொறியாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று துணிந்து, அந்தப் பகுதியிலேயே அதை ஸ்தாபித்தார்கள். கடற்பொறியாளர் கழகம் என்று நாம் அதை அழைக்கலாம். 1933-இல் அரச சாசனம் பெற்று, பிற்காலத்தில் கடல் விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, அது இன்றளவும் ஜீவித்து வருகிறது.

அப்போது இங்கிலாந்தில் கப்பலைப் பற்றிப் பேசுவதற்குச் சபையே இல்லாமலில்லை. கப்பல் சிற்பிகளின் கழகம் 1860-இலேயே தோன்றிவிட்டது. பிரபுக்களும் கடற்படைத் தளபதிகளும் கப்பல் கட்டும் பெருமுதலாளிகளும் கணிதப் பண்டிதர்களும் அங்கே கூடி, கப்பலின் வடிவத்தைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் அரிய விஷயங்களை ஆராய்ந்தார்கள். ஆனால் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று இரவு பன்னிரண்டு மணிக்கு வாட்ச் ஏறி நாலு மணிக்கு இறங்குகிறவனுக்கு அந்தச் சபையில் ஆசனம் கிடைப்பது அபூர்வமாகத்தான் இருந்தது. கப்பல் பொறியாளன் அரசாங்கப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது என்றால், அவன் சமூகத்தில் எந்தப் படியில் வைக்கப்பட்டிருந்தான் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மரியாதைக் குறைவு ஒன்றே இந்தச் சங்கத்தைப் பிறப்பித்தது என்று சொல்லிவிடுவது முழு நியாயமாகாது. அந்த ஆண்டுகளில் யந்திரமே பொறியாளனை முந்திக்கொண்டு ஓடியது. 1881-இல் 'அபர்தீன்' என்ற கப்பல், ஒரே நீராவியை மூன்று சிலிண்டர்களில் படிப்படியாக விரியவிட்டு வேலை வாங்கும் புதிய இன்ஜினோடு, சதுர அங்குலத்துக்கு 125 பவுண்டு அழுத்தத்தில் நீராவியைத் தாங்கும் கொதிகலன்களோடு, ஆஸ்திரேலியாவுக்குப் பிரயாணம் செய்து வெற்றி கண்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்த முறையே கடலெங்கும் பரவிவிட, தாழ்ந்த அழுத்தத்தில் தொழில் பழகி, பழைய கேள்விகளுக்குப் பதில் எழுதிச் சான்றிதழ் வாங்கிய ஒருவன், தன் சான்றிதழ் செல்லுபடியாகும்போதே தன் வித்தை காலாவதியாகிப்போன விசித்திரமான நிலையைக் கண்டான். புத்தகம் எழுதப்படுவதற்குள் யந்திரம் மாறிவிடுகிற காலத்தில், ஒருவன் அநுபவத்தை மற்றொருவன் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு மார்க்கம் ஏது?

இத்தகைய சங்கங்களின் ஜீவநாடி, 'பேப்பர் படித்தல்' என்று தொழிலில் உள்ளவர்கள் சாதாரணமாகச் சொல்லும் அந்தக் காரியமே. ஒருவர் தாம் ஆராய்ந்த விஷயத்தை எழுதி, அச்சிட்டு, முன்கூட்டியே அங்கத்தினர்களுக்கு அனுப்பிவிடுவார். குறித்த மாலையில் அதைச் சுருக்கமாகப் படிப்பார். பிறகு சபையில் இருப்பவர்கள் எழுந்து ஆட்சேபிப்பார்கள். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கடிதமாக எழுதி அனுப்பிய அபிப்பிராயங்களும் சேர்க்கப்படும். இவை அனைத்துக்கும் ஆசிரியர் பதில் எழுத, கட்டுரையும் தடையும் விடையும் ஒன்றாகவே ஆண்டுத் தொகுதியில் பிரசுரமாகும். நம்முடைய உரையாசிரியர்கள் எதிராளியின் கேள்வியைத் தாமே எழுப்பி விடை சொல்லிக்கொண்டார்கள். இங்கேயோ எதிராளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிஜமாகவே எழுந்து நிற்கிறார். பழைய தொகுதிகளைப் புரட்டுகிறவர்கள் கட்டுரையைத் தாண்டிப் பின்னாலுள்ள விவாதப் பக்கங்களுக்கு விரைவதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆய்வுக்கூடத்துக் கணக்கு ஒரு விதமாகச் சொல்ல, அதே யந்திரத்தோடு பருவக்காற்றில் பம்பாயிலிருந்து ஏடன் வரை போன ஒருவர் வேறு விதமாகச் சொல்லும் இடங்களில்தான் உண்மை அகப்படுகிறது.

தோல்வியைச் சபையில் சொல்வதற்கு அஞ்சாத குணமும் இந்த மரபில் உண்டு. நீராவி டர்பைனைக் கப்பலுக்குப் பொருத்திய சார்லஸ் பார்சன்ஸ், 1897-இல் கப்பல் சிற்பிகளின் கழகத்தில் தம் கட்டுரையைப் படித்தபோது, 'டர்பினியா' என்ற தம் சிறு படகு முதலில் எதிர்பார்த்த வேகத்தைத் தராமல் ஏமாற்றியதையும் மறைக்கவில்லை. சுழல்விசிறி அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றும்போது அதன் இதழ்களின் பின்னால் அழுத்தம் குறைந்து, தண்ணீர் ஆவிக் குமிழ்களாகப் பொங்கிவிடுவதால் உந்துவிசை வீணாகிறது என்ற உண்மையை, அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் மாதிரி விசிறியைச் சுழலவிட்டுப் பிரத்தியட்சமாகக் கண்டவர். ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள் என்று படகையே மாற்றியமைத்தவர். அந்த ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி, ஸ்பிட்ஹெட் கடலில் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கப்பல் அணிவகுப்பின் நடுவே அந்தப் படகு பாய்ந்தோடிய கதையை எல்லாரும் சொல்வார்கள். சபையில் ஒப்புக்கொண்ட தோல்வியைத்தான் யாரும் நினைப்பதில்லை.

ஆயினும் இத்தகைய சங்கம் மனித உயிருக்கு என்ன உபகாரம் செய்கிறது என்று கேட்பவருக்கு நான் சுட்டிக் காட்டுவது டர்பைனை அல்ல. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி நடந்த ஒரு துர்ச்சம்பவத்தை. 'ரெய்னா டெல் பசிபிகோ' என்பது 1931-இல் பெல்ஃபாஸ்டு நகரில் கட்டப்பட்ட, நான்கு டீசல் இன்ஜின்கள் கொண்ட அழகிய பிரயாணிக் கப்பல். யுத்த காலம் முழுவதும் துருப்புகளைச் சுமந்து அலுத்துப்போன அதைப் பழுது பார்த்து, மீண்டும் பிரயாணிகளுக்கு விடுவதற்கு முன் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். அந்த ஓட்டத்தின்போது, வட அயர்லாந்தின் கோப்லாந்து தீவுகளுக்கு அருகே, இன்ஜின் அறையில் பெருவெடிப்பு உண்டாயிற்று. இருபத்தெட்டுப் பேர் மாண்டார்கள். வெடிகுண்டு இல்லை, கொதிகலன் இல்லை, பெட்ரோலும் இல்லை; இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக ஊற்றப்படுகிற மசகு எண்ணெயே வெடித்தது.

இது எப்படி என்று சாமானியர்க்கும் விளங்கச் சொல்லலாம். பெரிய டீசல் இன்ஜினின் அடிப்பகுதியில், கிராங்க் தண்டு சுழலும் மூடிய அறைக்குள்—அதைக் கப்பல்காரர்கள் கிராங்க்கேஸ் என்பார்கள்—எண்ணெய் எப்போதும் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துளிகள் பெரியவையாதலால் அபாயமில்லை. ஆனால் ஒரு பேரிங்கோ பிஸ்டனோ எண்ணெய் போதாமல் உரசிக் காய்ச்சலேறிவிட்டால், அதன்மீது படும் எண்ணெய் ஆவியாகி, சற்றுக் குளிர்ந்த இடத்தை அடைந்ததும் வெண்பனியாக மாறுகிறது. இந்தப் பனி ஒரு லிட்டர் காற்றில் சுமார் 50 மில்லிகிராம் என்ற அளவை எட்டியதும் தீப்பற்றத் தயாராகிறது. அதைப் பற்றவைக்கும் நெருப்போ, அதைப் பிறப்பித்த அதே சூடான இடத்தில் காத்திருக்கிறது. முதல் வெடிப்பு பெரும்பாலும் சிறியதே. அது கதவுகளைப் பிய்த்தெறிந்து வெளியேறிய மறுகணம் உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று பாய்ந்து புகுந்து மிச்சமுள்ள பனியோடு கலக்கும்போது நிகழ்கிற இரண்டாவது வெடிப்புதான் ஆட்களைக் கொல்கிறது.

இதற்கு முன்னும் இத்தகைய வெடிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தே இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் விபத்தைத் தன் அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டது. 'ரெய்னா டெல் பசிபிகோ' விபத்துக்குப் பின் நடந்த பகிரங்க விசாரணையும், அதைத் தொடர்ந்த ஆராய்ச்சிகளும், பத்தாண்டுக்குள் கடற்பொறியாளர் கழகத்தின் சபையில் கட்டுரைகளாகப் படிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டதும் சேர்ந்தே அந்தப் பூட்டை உடைத்தன. வெடிப்பின் அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டு, காற்று திரும்ப உள்ளே நுழையாதபடி உடனே மூடிக்கொள்ளும் வால்வுகளும், எண்ணெய்ப் பனியை முன்கூட்டியே மோப்பம் பிடித்து மணியடிக்கும் கருவிகளும் இன்ஜின்களுக்கு வந்து சேர்ந்தன. இன்றைய சர்வதேச விதிப்படி, 200 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமோ 0.6 கன மீட்டர் கிராங்க்கேஸ் கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள எந்தக் கப்பல் இன்ஜினுக்கும் அந்த வால்வு கட்டாயம். மணி அடித்தால் என்ன செய்யக் கூடாது என்பதை இன்று பயிற்சி மாணவன்கூட அறிவான்: சூடு தணியும் வரை கிராங்க்கேஸ் கதவைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

சங்கத்தின் வேலை பேச்சோடு முடிவதுமில்லை. 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியபோது, தலைமைப் பொறியாளர் ஜோசப் பெல் முதலாக அந்தக் கப்பலின் பொறியாளர்கள் ஒருவர்கூடக் கரை திரும்பவில்லை. அவர்கள் குடும்பங்களுக்காக அப்போது ஒரு பத்திரிகை திரட்டிய நிதியே, கழகத்தின் கைக்கு வந்து, 1934-இல் ஒரு தரும நிதியமாக உருவெடுத்தது. இடுக்கண் உற்ற கடற்பொறியாளர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் அது இன்னும் கைகொடுக்கிறது. கழகத்தில் அங்கத்தினரான முதல் பெண் விக்டோரியா டிரம்மண்டு. 1922-இல் கடலுக்குப் போன இந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி, தலைமைப் பொறியாளர் பரீட்சையில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை தோற்கடிக்கப்பட்டார்; பெண் என்பதைத் தவிர வேறு காரணம் எவருக்கும் புலப்படவில்லை. 1940 ஆகஸ்டில், 'பொனிட்டா' என்ற கப்பலை ஜெர்மானிய விமானம் நடு அட்லாண்டிக்கில் துரத்திக் குண்டு வீசியபோது, தம் ஆட்களை மேலே அனுப்பிவிட்டு இன்ஜின் அறையில் தனியே நின்று, 9 நாட் வேகத்தைத் தாண்டாத அந்தக் கப்பலை 12 நாட் வேகத்துக்கு மேல் ஓடவைத்துக் காப்பாற்றியவரும் அவரே. பரீட்சை அதிகாரிகளின் தீர்ப்பைவிடச் சங்கத்தின் தீர்ப்பு மேலானது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

நம் தேசத்தில், சுதந்திரம் வந்த கையோடு, 1949-இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கடற்பொறியியல் பயிற்சி தொடங்கியது. இன்று நவி மும்பையின் நேருலைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடற்பொறியாளர் கழகம், சென்னை உட்பட்ட துறைமுக நகரங்களில் கிளைகளோடும் ஒரு மாத இதழோடும் இயங்குகிறது. 'இன்மார்கோ' என்ற அதன் பெரிய மகாநாடு நான்காண்டுகளுக்கு ஒருமுறை மும்பையில் கூடுகிறது. 2009-இல் உலகக் கடல் தொழில்நுட்ப மகாநாடும் மும்பையிலேயே நடந்தது. தமிழ்நாட்டுக்கு இதில் சம்பந்தம் குறைவல்ல: 2008-இல் அமைக்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னை; அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆண்டுதோறும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஏராளமாகத் தயாராகிறார்கள்.

பேசுவதற்கோ விஷயம் இன்று 1889-ஐ விடவும் அதிகம். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் வரம்பு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், ஒரு துறைமுகத்தில் வாங்கிய எண்ணெயும் மற்றொரு துறைமுகத்தில் வாங்கிய எண்ணெயும் ஒரே டாங்கில் கலந்தால் ஒத்துப்போகாமல் கசடாகத் திரண்டு பில்ட்டரை அடைக்கும் சங்கடம் எத்தனையோ இன்ஜின் அறைகளில் தலைகாட்டியது. மெத்தனால் வருகிறது, எடைக்கு எடை பார்த்தால் டீசலில் பாதிக்கும் குறைவான சக்தியே அதற்கு உண்டு, அதன் சுவாலையோ பகலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்மோனியா வருகிறது, காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு கலந்தாலே உயிருக்கு அபாயம். இவற்றோடு முதன்முதல் வாழப்போகிறவர்கள் மூன்றாம் இன்ஜினியரும் நான்காம் இன்ஜினியரும் ஆயிலரும்தான்.

ஆனால் இன்றைய மகாநாடுகளின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால், காலை அமர்வைப் பிரமுகர்களின் வாழ்த்துரைகள் விழுங்குகின்றன. தேநீர் இடைவேளையைக் கம்பெனிகளின் கண்காட்சிக் கூடங்கள் விழுங்குகின்றன. கட்டுரை ஆசிரியருக்குப் பதினைந்து நிமிஷமும் விவாதத்துக்கு ஐந்து நிமிஷமும் மிஞ்சினால் அது பாக்கியம். விற்பனைப் பிரதிநிதி தம் கருவியின் பெருமையைச் சொல்லி முடித்ததும் கைதட்டுகிறோமே தவிர, "ஐயா, என் கப்பலில் அது ஆறு மாதத்தில் நின்றுவிட்டது" என்று எழுந்து சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவர் அந்த நேரம் நடுக்கடலில் வாட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்காட்சியில்லாமல் மகாநாட்டுச் செலவு கட்டிவராது என்று அமைப்பாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் விவாதத்தைக் குறைத்தால்தான் செலவு கட்டிவரும் என்று எந்தக் கணக்குப் பிள்ளையும் சொன்னதில்லை.

பரிகாரம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பழைய தொகுதிகளிலேயே இருக்கிறது. கட்டுரையை மகாநாட்டுக்கு ஒரு மாதம் முந்தியே கப்பல்களுக்கு அனுப்பலாம்; வர இயலாதவர்களின் எழுத்துமூலமான ஆட்சேபணைகளைக் கேட்டு வாங்கலாம்; கப்பல் பெயரும் கம்பெனி பெயரும் வெளியிட அஞ்சுகிறவர்களுக்கு அந்தப் பெயர்களை மறைத்துப் பிரசுரிக்க உத்தரவாதம் தரலாம். லீவில் ஊருக்கு வந்திருக்கும் தூத்துக்குடிப் பொறியாளரும் நாகப்பட்டினத்துப் பொறியாளரும், தங்கள் கடைசிப் பிரயாணத்தில் எது பழுதாயிற்று, ஏன் பழுதாயிற்று, எப்படிச் சரிசெய்தோம் என்பதை இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தங்கள் சங்கக் கிளைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதை அச்சிட இடமில்லை என்று சொல்லும் பத்திராதிபர், அடுத்த இதழில் ஒரு வாழ்த்துரையைக் குறைத்துக்கொள்ளட்டும்.