தொலைபேசி வழியே ஒரு கை

நெடுந்தீவில் இருக்கும் ஒரு குடும்பம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருவதென்றால், குறிகட்டுவான் வரை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகு. பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாகப் பஸ். போக வர ஒரு நாள் முடிந்துவிடும். அன்றைய கூலியும் போய்விடும். காய்ச்சலுக்கென்றால் ஒருமுறை வந்து போகலாம். குடியை விடுவிக்கும் வைத்தியம் அப்படியல்ல. அது மாதக்கணக்கில் தொடர வேண்டியது. முதல் தடவை மனைவியின் கண்ணீருக்காக வந்தவர், இரண்டாம் தடவைக்குப் பிறகு வராமல் நின்றுவிடுவதை மாதர் சங்கக் கூட்டங்களில் எத்தனையோ சகோதரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிளினிக் வரிசையில் ஊரவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற கூச்சம் வேறு.

இந்த இடத்தில்தான் கைத்தொலைபேசி நமக்கு உதவுகிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இலக்கங்களை எந்தக் கிராமத்திலிருந்தும் அழைக்கலாம். குடிப்பவர்தான் பேச வேண்டுமென்பதில்லை. மனைவியோ தாயோ பேசலாம். கசிப்பு, சாராயம் மட்டுமல்ல, இன்று நம் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் ஹெரோயின், ஐஸ் பற்றியும் கேட்கலாம்.

ஆனால் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதே முக்கியம். எல்லாக் கிராமத்துக்கும் ஒரு உளநல வைத்தியர் கிடைக்கப் போவதில்லை. போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் உளநலப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வழி இன்றைக்கும் பொருந்தும். கோவாவில் வைத்தியரல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுமீறிக் குடிக்கும் 377 ஆண்களிடையே நடத்திய ஆய்வு 2017இல் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வந்தது. மூன்று மாதத்தின் பின், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 வீதத்தினரும், இந்த உளவளத்துணையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 36 வீதத்தினரும் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். பெரிய அற்புதமில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால்? சத்தீஸ்கரின் பின்தங்கிய மாவட்டங்களில் வேலை செய்யும் உளவளத்துணையாளர்களுக்குப் பெங்களூர் நிமான்ஸ் நிறுவன வைத்தியர்கள் காணொளி மூலம் தொடர்ந்து வழிகாட்டினார்கள். நோயாளி பட்டணத்துக்கு அலையாமல், வைத்தியரின் அறிவு கிராமத்துக்குப் போனது. நமது தீவகத்துக்கும் வடமராட்சி கிழக்குக்கும் இது ஏன் கூடாது?

தொலைபேசியால் முடியாததும் உண்டு. நாளாந்தம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் ஆள் தெரியாமல் பிதற்றலாம், இல்லாததைக் கண்டு பயப்படலாம். இது பேய்க்குணமல்ல, உயிராபத்து. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் பூட்டப்பட்டபோது, “இனிக் குடி நின்றுவிடும்” என்று நாம் மகிழ்ந்தோம். இந்த ஆபத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இப்படியானவருக்கு வைத்தியசாலையில் மருந்தும், விட்டமின் பி1 ஊசியும் தேவை. வலிப்பு வந்தால் ஆலோசனை இலக்கங்களுக்கு எடுத்து நேரத்தை வீணாக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

அதே தொலைபேசியில் வரும் இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். “அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள், ஒரு வாரத்தில் குடியை வெறுப்பார்” என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூளில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. குடியை நிறுத்தியவருக்கு வைத்தியர் கொடுக்கும் டைசல்பிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அவர் அதன்மேல் குடித்தால், வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

வீட்டில் உள்ள ஒரே தொலைபேசி கணவரின் சட்டைப் பையில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். திட்டம் போடுபவர்கள் இதை நினைப்பதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். அல்லது நம்பிக்கையான அயலவளின் தொலைபேசியில் பேசுங்கள். திரும்ப அழைக்கக் கூடாத நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடி உதை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

எடுத்தவுடன், தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பதற்றத்தில் மறந்துவிடுமென்பதால் சிலவற்றை முன்பே ஒரு கொப்பித் தாளில் எழுதி வையுங்கள்: அவர் என்ன குடிக்கிறார், நாளுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா, வேறு என்ன மருந்து எடுக்கிறார். பேசி முடிந்ததும் அடுத்த அழைப்பின் திகதியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.