அப்பாவுக்கு மாற்றல், பிள்ளைக்குப் புதுப் பள்ளி

ராணுவ வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஊர் என்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடக் கணக்குதான். மாற்றல் உத்தரவு வந்ததும், அப்பாவின் பெயரும் படைப்பிரிவும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகள் கூடத்துக்கு வந்துவிடும்.

இப்படி இடம் மாறும் மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்றே 1963இல் கேந்திரிய வித்யாலயாக்கள் தொடங்கின. ஜபல்பூரில் பாதியில் விட்ட பாடத்தை ஆவடியில் தொடரலாம். ஆனால், நண்பர்களை அங்கேயே விட்டுவரத்தான் வேண்டும். பதின்வயதில் அது ரொம்பவே வலிக்கும்.

எல்லையோரப் பணியிடங்கள் பலவற்றுக்குக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அப்போது சின்னது மறுபடி படுக்கையை நனைக்கும். பெரியவன் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவான். அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் அது பயம்.

அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் குழு 2006இல் ராணுவக் குடும்பங்களுக்கென்றே ஒரு வீடியோ எடுத்தது. அதில், எல்மோ என்ற பொம்மைப் பாத்திரத்தின் அப்பா பணிக்காக வெகுதூரம் கிளம்புகிறார். 2008இல் வந்த அடுத்த பகுதியில், இன்னொரு பாத்திரமான ரோசிட்டாவின் அப்பா காயத்தோடு சக்கர நாற்காலியில் திரும்புகிறார். பிள்ளைகளிடம் உண்மையைப் பேசிய அந்தத் துணிச்சல் பாராட்டத்தக்கது.

ஆசிரியர்களே, வருட நடுவில் ராணுவ வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால், முதல் நாளே ஒரு துணையை அருகில் உட்கார வையுங்கள்.