வலி நின்ற பிறகு

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு ஏற்படுவதால் வருவதுதான் மாரடைப்பு. அந்த அடைப்பை யாரும் நீக்காவிட்டால் இதயத் தசை என்ன ஆகும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு நெஞ்சை அடைத்து, வியர்த்துக் கொட்டுகிறது. 'வாயுதான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கிறார். விடிந்ததும் வலி குறைந்திருக்கிறது, வேலைக்கும் கிளம்புகிறார். ஆவடி, பூந்தமல்லி வீடுகளிலும் இதுதான் வழக்கம்.

வலி குறைந்ததற்குக் காரணம், பல சமயம், தசை செத்துப்போனதுதான். செத்த தசையை வெள்ளணுக்கள் கரைத்து அகற்றும். அங்கே உறுதியான தழும்பு உருவாக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த இடத்து இதயச் சுவர் ஊறிய அட்டைபோல நைந்திருக்கும். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள்ளும் அது கிழியும் ஆபத்து அதிகம். முதியவர்கள், பெண்கள், முதல் மாரடைப்பிலேயே தாமதமாக வருபவர்கள் கூடுதல் கவனத்துக்குரியவர்கள்.

வெளிச்சுவர் கிழிந்தால் இரத்தம் இதய உறைக்குள் தேங்கி இதயத்தை நெருக்கும். பெரும்பாலும் நிமிடங்களில் உயிர் போய்விடும். கசிவு சிறிதென்றால் சில மணி நேரம் கிடைக்கும். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை விழுந்தாலோ, வால்வைத் தாங்கும் தசை அறுந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

மருத்துவமனையில் தேறிவந்தவருக்குத் திடீரென பி.பி. இறங்குகிறதா, கைகால் சில்லிடுகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? 'பலவீனம்' என்று விட்டுவிடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். ஸ்டெதஸ்கோப்பில் நேற்றில்லாத இரைச்சல் கேட்டால் மருத்துவர் விழித்துக்கொள்வார். கட்டிலருகிலேயே எக்கோ எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தீர்வு அறுவை சிகிச்சைதான். உறையிலுள்ள இரத்தத்தைக் கொஞ்சம் ஊசியால் எடுப்பதெல்லாம் அறுவை அரங்கு வரை கொண்டுசேர்க்கத்தான். நடுச்சுவர் ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைப்பதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு: நைந்த தசையில் தையல் நிற்காது. அமெரிக்க மார்பு அறுவை நிபுணர் சங்கப் பதிவேட்டின்படி, முதல் ஏழு நாட்களுக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு செய்யப்பட்டவர்களில் இறந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் காத்திருக்க முடிந்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நிலைமை சரிந்தால் காத்திருக்க நேரமில்லை. பலூன் பம்ப், எக்மோ போன்ற, இதயத்துக்குத் துணைநிற்கும் கருவிகளைக் கொண்டு சில நாட்களைச் சம்பாதிக்கப் பார்ப்பார்கள்.

ஆகவே நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: கிழிந்த பின் தைப்பதைவிட, கிழியவிடாமல் முதல் சில மணி நேரத்தில் அடைப்பைத் திறப்பதே சிகிச்சை. அப்படித் திறக்கும் இடங்களில் இந்தக் கிழிசல் இன்று நூறில் ஒருவருக்கும் குறைவு. அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி, கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் ஆகியோர் முன்னின்ற தமிழ்நாடு ஸ்டெமி (குழாய் முழுதும் அடைபடும் கடும் மாரடைப்பு) திட்டம், சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்தது. 2017-இல் வெளியான முடிவுகளில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2023 முதல், 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகள் தருகிறார்கள்.

நெஞ்சு வலியென்றால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரவானாலும் 108-ஐ அழையுங்கள். இ.சி.ஜி. பார்க்காமல் 'வாயு' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.