வாங்கிய பிறகும் வளரும் கேமரா

கெட்டிமேளம் முழங்கிய நேரத்தில் என் லென்ஸ் ஃபோகஸ் பிடிக்க மறுத்தது. மாப்பிள்ளை கையில் தாலி. பெண் தலை குனிந்திருக்கிறாள். சுற்றிலும் அட்சதை பறக்கிறது. வ்யூஃபைண்டருக்குள்ளோ முகங்கள் தெளிவதும் கலங்குவதுமாக இருந்தன. லென்ஸுக்குள் மோட்டார் முன்னும் பின்னும் அலைவதை இடது கையில் உணர முடிந்தது. முதல் முடிச்சு அப்படியே போயிற்று. பக்கத்தில் நின்ற உதவியாளரின் கேமராவைப் பிடுங்கி, அதிலிருந்த 50 மி.மீ. லென்ஸில் இரண்டாவது முடிச்சையும் நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சையும் எடுத்தேன்.

பந்தி ஆரம்பித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. "அண்ணே, புது ஃபர்ம்வேர் வந்திருக்குன்னு ராத்திரி பார்த்தேன். உங்க பாடிக்குப் போட்டு வச்சேன்ணே" என்றார் உதவியாளர். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஆனால் பாடி ஒரு நிறுவனத்துடையது, லென்ஸ் வேறொரு நிறுவனத்துடையது. பாடிக்குள் இருந்த மென்பொருள் ஒரே இரவில் மாறிவிட்டது, லென்ஸுக்குள் இருந்தது பழையபடியே கிடந்தது. சில வாரங்களில் லென்ஸ் நிறுவனமும் அப்டேட் வெளியிட்டது, கோளாறு தீர்ந்தது. அந்த முதல் முடிச்சு மட்டும் ஆல்பத்தில் இல்லை.

இந்தக் கதையைக் கேட்கும் புகைப்படக்காரர்களில் பாதிப் பேர், "அதுக்குத்தான் நான் அப்டேட் பக்கமே போறதில்லை" என்பார்கள். அடிபட்ட எனக்கே அதில் உடன்பாடு இல்லை. காசு கொடுத்து வாங்கிய கருவியின் பாதியை அவர்கள் பெட்டியிலேயே விட்டுவைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் மென்பொருள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தும்போது நாம் ஒரு கோரிக்கை வைக்கிறோம், அவ்வளவுதான். எந்த முகத்தைத் தேடுவது, லென்ஸின் மோட்டாரை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது, சென்சாரிலிருந்து வரும் தகவலை எந்த வேகத்தில் மெமரி கார்டுக்கு அனுப்புவது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த மென்பொருள்தான். கண்ணாடியும் சென்சாரும் மாறாமலே, இந்த மென்பொருள் மாறினால் கேமராவின் குணம் மாறும்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை. 1959-ல் வந்த நிக்கான் எஃப் கேமராவில், லென்ஸின் துளையைப் படம் எடுக்கும் கணத்தில் சுருக்கியது பாடியிலிருந்து நீண்ட ஒரு சிறு நெம்புகோல். 1987-ல் கேனான் இஓஎஸ் 650-ஐக் கொண்டுவந்தபோது அந்த வழியை அடியோடு விட்டது. ஃபோகஸ் மோட்டார், துளையை இயக்கும் மோட்டார் இரண்டும் லென்ஸுக்குள்ளேயே போயின. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே எஞ்சியது மின்தொடர்பு மட்டுமே. பழைய லென்ஸ்கள் ஒரே நாளில் பயனற்றுப் போயின என்று அந்தக் காலத்து கேனான்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் இன்று எல்லோரும் போகும் பாதை அதுதான். லென்ஸைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள், தங்க நிறத்தில் வரிசையாகச் சிறு புள்ளிகள் இருக்கும். கேனானின் பழைய இஎஃப் மவுண்ட்டில் 8, மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் மவுண்ட்டில் 12. அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் பாடியும் லென்ஸும் விடாமல் பேசிக்கொள்கின்றன.

அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பதுதான் வம்பு. பல நிறுவனங்கள் தங்கள் மொழியை ரகசியமாகவே வைத்திருக்கின்றன. சோனி 2011-ல் தன் இ-மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குக் கட்டணமில்லாமல் தர முன்வந்தது. சோனிக்கு இன்று இத்தனை வெளி லென்ஸ்கள் கிடைப்பதற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம். கேனான் வேறு வழியில் போனது. 2022-ல் வில்ட்ராக்ஸ் நிறுவனம் ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் விற்பனையை நிறுத்த வேண்டிவந்தது. 2024-ல்தான் சிக்மாவும் டாம்ரானும் முறைப்படி உரிமம் பெற்று ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன, அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கு மட்டும்.

உரிமம் இல்லாத காலத்தில் வெளி நிறுவனங்கள் செய்தது, அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டு மொழி கற்பது போன்ற வேலை. பெரும்பாலும் சரியாக இருக்கும். அடுத்த வீட்டில் புதுச் சொல் ஒன்று புழக்கத்துக்கு வந்தால் தடுமாறும். 2013-ல் நிக்கான் டி5300 வந்தபோது சிக்மாவின் சில லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் சரியாக இயங்கவில்லை. சிக்மா அவற்றின் ஃபர்ம்வேரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அந்த மண்டபத்தில் எனக்கு நேர்ந்ததும் இதே வகைதான்.

லென்ஸுக்கும் ஃபர்ம்வேர் உண்டு என்பது பல ஆண்டுகளாகத் தொழிலில் இருப்பவர்களுக்கே சில சமயம் செய்தியாக இருக்கிறது. பாடி நிறுவனத்தின் சொந்த லென்ஸ் என்றால் அதை கேமராவில் மாட்டியே அப்டேட் செய்யலாம். சிக்மா தன் எஸ்எல்ஆர் லென்ஸ்களுக்காக யூஎஸ்பி டாக் என்ற சிறு வட்டத் தட்டை விற்றது. லென்ஸை அதில் மாட்டி, கணினியில் இணைத்து அப்டேட் போடுவதோடு ஃபோகஸ் முன்னே பின்னே விழுவதையும் திருத்திக்கொள்ளலாம். டாம்ரானின் புதிய லென்ஸ்கள் பலவற்றில் பக்கவாட்டிலேயே யூஎஸ்பி-சி துளை இருக்கிறது.

அப்டேட்டால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கேனான் 5டி மார்க் 2-ன் கதை. 2008-ல் அறிவிக்கப்பட்ட அந்த கேமரா முழு ஹெச்டி வீடியோ எடுத்தது. ஆனால் நொடிக்கு 30 பிரேம் மட்டுமே. எக்ஸ்போஷரையும் தானே முடிவு செய்துகொள்ளும். சினிமா ஓடுவது 24 பிரேமில், நம் தொலைக்காட்சி ஓடுவது 25-ல். 30-ல் எடுத்ததை 24-க்கு இறக்கினால் அசைவுகள் திக்கும். படம் பிடிப்பவர்கள் கேனானிடம் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 2009 ஜூனில் வந்த அப்டேட் எக்ஸ்போஷரை நம் கையில் கொடுத்தது. 2010 மார்ச்சில் வந்தது 24, 25 பிரேம் இரண்டையும் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் 'ஹவுஸ்' என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொடரின் ஒரு பருவ இறுதிப் பகுதி முழுவதும் இந்த கேமராவில் எடுத்து ஒளிபரப்பானது. தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012-ல் வந்தபோது, 7டி என்ற இன்னொரு கேனான் ஸ்டில் கேமராவில் எடுத்த படம் அது என்று கோடம்பாக்கமே பேசியது. அந்தக் கதவு திறந்ததில் ஒரு சிறிய ஃபர்ம்வேர் கோப்புக்கும் பங்கு உண்டு.

அதே 2010 மார்ச் அப்டேட்டிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதலில் வெளியானது 2.0.3 என்ற பதிப்பு. அதில் ஒலிப்பதிவில் கோளாறு இருப்பது தெரிந்து, அதைத் திரும்பப் பெற்று 2.0.4-ஐக் கொடுத்தது கேனான். பெரிய நிறுவனமும் தவறும். வெளியான அன்றே ஓடிப்போய் ஏற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நிக்கான் இசட்9 இன்னும் நெருங்கிய உதாரணம். 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோதே மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத துணிச்சலான கேமரா அது. 2022 ஏப்ரலில் வந்த 2.0 ஃபர்ம்வேர் அதில் ஒரு வித்தையைச் சேர்த்தது. பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருக்கும்போது கேமரா படங்களை எடுத்து எடுத்துத் தன் நினைவில் வைத்து, பழையவற்றை அழித்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தும் கணத்தில், அதற்கு முந்தைய ஒரு நொடி வரையிலான படங்களும் கார்டில் பதிவாகும். ஜேபெக்காக மட்டும்தான், ஆனாலும் பெரிய காரியம்.

வேடந்தாங்கல் கரையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். கூழைக்கடா மரக்கிளையில் கல்லாகச் சமைந்திருக்கும். பத்து நிமிடம் காத்திருப்போம். எழும்பப் போகிறது என்று நம் மூளைக்கு எட்டி, விரலுக்குச் செய்தி போய் அழுத்துவதற்குள் கால்கள் கிளையை விட்டிருக்கும், நமக்குக் கிடைப்பது சிறகின் பின்பக்கம். அந்தக் கால் நொடியைத்தான் இந்த அப்டேட் மீட்டுக் கொடுத்தது. 2023-ல் 4.0 பதிப்பு, ஆள் இல்லாமலே அசைவைக் கண்டு தானாகப் படமெடுக்கும் வசதியைத் தந்தது. அடுத்து வந்த 4.10-ல் பறவைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனித் தேர்வு சேர்ந்தது. எல்லாம் இலவசம். முதல் நாள் வாங்கியவரும் மூன்றாம் ஆண்டு வாங்கியவரும் ஒரே கேமராவைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழைய வாடிக்கையாளரை மறக்காததில் ஃபியூஜிஃபில்ம் ஒரு காலத்தில் முன்மாதிரியாக இருந்தது. 2011-ல் வந்த எக்ஸ்100-க்கு அடுத்த மாடல் 2013-ல் கடைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும், அந்த ஆண்டு அக்டோபரில், பழைய எக்ஸ்100-க்கு 2.0 ஃபர்ம்வேர் வந்தது. ஃபோகஸ் வேகம் கூடியது, கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்கு விளிம்புகளை ஒளிரக் காட்டும் பீக்கிங் வசதியும் சேர்ந்தது. புது மாடலை விற்க வேண்டிய நேரத்தில் பழையதை மேம்படுத்தியது எனக்கு இன்றும் மரியாதைக்குரிய செயலாகவே படுகிறது.

எல்லோரும் அப்படி இல்லை. பானசோனிக் 2015-ல் ஜிஹெச்4 கேமராவுக்கு வி-லாக் என்ற வண்ண வசதியைத் தனிக் கட்டணத்துக்கு விற்றது. சோனி, படமெடுக்கும்போது திரையில் நம் விருப்பப்படி கட்டக்கோடுகள் போட்டுக்கொள்ளும் வசதியைக் காசுக்கான உரிமமாகத் தருகிறது. சென்சாருக்கும் சிப்புக்கும் முன்பே பணம் கொடுத்துவிட்டோம். அவற்றால் முடிந்த ஒன்றைப் பூட்டி வைத்து, சாவியை மறுபடி விற்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பூட்டுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியாட்களே காட்டியிருக்கிறார்கள். 2009-ல் கேனான் கேமராக்களுக்காகத் தொடங்கிய மேஜிக் லான்டர்ன் என்ற தன்னார்வ மென்பொருள், 2013-ல் 5டி மார்க் 3-ல் ரா வீடியோவையே எடுக்க வைத்தது. நிறுவனம் தராத வசதி அது. அதை ஏற்றச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை, வாரன்டி போனால் பொறுப்பேற்க ஆள் இருக்காது.

பாதுகாப்பும் இதில் சேர்த்தி. 2019 ஆகஸ்டில் செக் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கேனான் 80டி கேமராவுக்குள் வைஃபை வழியாகவே புகுந்து, கார்டில் இருந்த படங்களையெல்லாம் பூட்டி, பணம் கேட்கும் செய்தியைத் திரையில் காட்டிச் செயல்விளக்கம் தந்தார்கள். கேனான் ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. மண்டபத்து வைஃபையில் கேமராவை இணைத்து உடனுக்குடன் படம் அனுப்பும் பழக்கம் பெருகிவரும் காலத்தில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றவே கூடாது என்பதும் இதனால்தான். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ அதன் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள்.

ஏற்றுவது கடினமான வேலை இல்லை. பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். கார்டை அதே கேமராவில் ஃபார்மேட் செய்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் கோப்பை நேராக அதில் வைத்து, மெனுவில் ஃபர்ம்வேர் வரிக்குப் போனால் மீதியை கேமராவே கேட்டுக்கொள்ளும். சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து ஸ்விட்சைத் தொட்டால் கேமரா செங்கல்லாகிவிடக்கூடும், பிறகு சர்வீஸ் சென்டர்தான். சில அப்டேட்கள் நம் பொத்தான் அமைப்புகளை அழித்துவிடும் என்பதால் முதலில் அவற்றைக் கார்டில் சேமித்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி பல கேமராக்களில் கிடையாது.

நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். வெளியாகி இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கிறேன். இரண்டு பாடி இருப்பதால் முதலில் ஒன்றுக்கு மட்டும் ஏற்றுகிறேன். என்னிடம் உள்ள ஒவ்வொரு லென்ஸையும் அதில் மாட்டி, வீட்டு மாடியில் அரை மணி நேரம் சுட்டுப் பார்க்கிறேன். எல்லாம் சரி என்றால் அடுத்த பாடி.

செகண்ட் ஹேண்டில் பாடி வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்று கேட்கத் தவறுவதில்லை நாம். ஃபர்ம்வேர் பதிப்பு என்ன என்று யாரும் கேட்பதில்லை. புது கேமரா வாங்குபவர்களும் அந்த மாடலின் டவுன்லோட் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது, பிழை திருத்தம் மட்டுமா, புது வசதியும் உண்டா என்பது அங்கேயே இருக்கும். அதே நிறுவனத்தின் முந்தைய மாடலுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வந்தது என்பதையும் பாருங்கள். மெகாபிக்சலைவிட அதுதான் உங்கள் பணத்துக்கு உத்தரவாதம்.

இன்றிரவே மெனுவைத் திறந்து உங்கள் பாடியிலும் லென்ஸிலும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை முகூர்த்தம் இருந்தால் குறிப்பதோடு நிறுத்துங்கள்.